நீங்கதான் போனி

பூலாம்பாடி நெருங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகைக்கு முன்பே மூக்கு அறிந்துகொள்கிறது. எறையூர் சர்க்கரை ஆலை ஓடும் பருவம். வெல்லம் காய்கிறதா கருகுகிறதா என்று முடிவு செய்ய முடியாத ஒரு மணம் கார்க் கண்ணாடியை நக்கிக்கொண்டே கூட வந்தது.

"அப்பா, யாரோ பெரிய கேக்கை அடுப்பில் மறந்துவிட்டார்கள்," என்றாள் யாழி.

என் மகள். எட்டு வயது. சிங்கப்பூரில் பிறந்து, தமிழைப் பள்ளிக்கூடத்தில் கற்றவள். அதனால் அவள் பேசுவதைக் கேட்டால் வானொலிச் செய்தி போல இருக்கும். என் மனைவி பவானிக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. அவளுடைய அக்கா பூலாம்பாடியில் புது வீடு கட்டிக் குடிபோகிறாள். ஆகவே குடும்பத்தின் சார்பில் நானும், யாழியும், ஒரு சுவர்க்கடிகாரமும் அனுப்பப்பட்டோம். மூன்று நாள். அதற்கு மேல் ஒரு நாள் கூட யாழியின் பள்ளியில் தரமாட்டார்களாம்.

யாழிக்குத் தனியாக ஒரு வேலை இருந்தது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓர் ஓடைக்கரையில் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் விழுந்து, கடலடியில் கிடந்து, கல்லாகிப் போன மரம் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு வந்து வகுப்பில் பேசுவதாகச் சொல்லியிருந்தாள். அவள் பக்கத்தில் உட்காரும் தோழி, "மரம் எப்படிக் கல்லாகும்? பொய்," என்று சொல்லிவிட்டாள். எட்டு வயதில் பொய்க்காரி என்று பெயர் வாங்குவதைவிடப் பெரிய அவமானம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய நேரம் முதல் அவள் விரல்கள் அந்த மரத்தைத்தான் காற்றில் தடவிக்கொண்டிருந்தன.

முதல் நாள் முழுக்க ஆட்டுக்கறிக் குழம்பு. இந்த வட்டாரத்தில் சின்ன வெங்காயத்தை எண்ணிப் போடுவதில்லை, அள்ளிப் போடுகிறார்கள். கறியைத் தேடி வெங்காயத்துக்குள் நீந்த வேண்டும். சிங்கப்பூரில் இதே வெங்காயம் வலைப்பைக்குள் நகை போல அடக்கமாக உட்கார்ந்திருக்கும். இங்கே வாசல், மாடிப்படி, கட்டிலுக்கு அடி எல்லா இடத்திலும் உருண்டு கிடந்தது. புது வீட்டின் பூஜையறையில் சாமிக்குப் பின்னாலும் ஒரு மூட்டை.

வீட்டுக்காரர் ராசேந்திரன், எனக்குச் சகலை. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். பழுதான பம்ப்செட் அவர் கையைக் கண்டால் தானே ஓடும் என்று பேச்சு. அவரிடம் பழுதாகாத பொருள் ஒன்று உண்டு. அது அவருடைய மானம்.

இரண்டாம் நாள் காலை சகலையின் மனைவி மல்லிகா அண்ணி பூரி சுட்டுப் போட்டார்கள். யாழி உப்பிய பூரியை விரலால் குத்தி ஆவி வரவழைத்து, அதன் பிறகுதான் தின்றாள். சகலை திட்டத்தை அறிவித்தார்.

"மொதல்ல பெரம்பலூராண்ட தண்ணி பார்க்குல ஒரு ஆட்டம். அப்பறம் அரியலூர் போயி மெஸ்ஸுல சாப்பாடு, ஃபோன் போட்டு அட்வான்ஸும் அனுப்பிட்டேன். திரும்பி வரும்போது கல்மரம்."

"முதலில் மரம் பார்க்கலாமா, பெரியப்பா?"

"மரம் எங்க பாப்பா ஓடிடப் போவுது? எத்தன கோடி வருசமா அங்கதான் கெடக்கு."

யாழி அடுத்த பூரியைக் குத்தினாள்.

தண்ணீர்ப் பூங்காவுக்கு ஒரு வெளிநாட்டு அருவியின் பெயர் வைத்திருந்தார்கள். அருவி அளவுக்கு எல்லாம் இல்லை. போன வருடம்வரை வெங்காயக் கொல்லையாக இருந்திருக்க வேண்டும். மூன்று சறுக்கு, ஒரு சிமென்ட் டால்பின், கிணற்றிலிருந்து உறிஞ்சி ஊற்றும் தடித்த குழாய். டிக்கெட் கூண்டில் முதலாளியே உட்கார்ந்திருந்தார். என்னிடம் உள்ளூர்ப் பணம் இல்லாததால் சகலை தன் செல்பேசியால் பணம் கட்டினார். கூண்டுக்குள்ளிருந்த சின்னப் பெட்டி ஒரு பெண்குரலில், பணம் வந்து சேர்ந்தது என்று ஊருக்கே அறிவித்தது. முதலாளி அந்தப் பெட்டியை அப்படியே தூக்கினார். வலக்கண்ணில் ஒற்றினார். இடக்கண்ணில் ஒற்றினார். இருந்த இடத்தில் வைத்தார்.

"அவர் ஏன் ஸ்பீக்கரை முத்தமிடுகிறார்?" என்று யாழி என் காதில் கேட்டாள்.

"போனி சார்," என்றார் முதலாளி, என் முகத்தில் அதே கேள்வியைப் படித்துவிட்டு. "இன்னிக்கி நீங்கதான் போனி."

நாளின் முதல் காசு. நோட்டாக இருந்த காலத்தில் நோட்டைக் கண்ணில் ஒற்றினார்கள். இப்போது காசு காற்றில் வருகிறது. ஒற்றிக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

யாழி இரண்டு முறை சறுக்கினாள். மூன்றாவது முறை ஏறப் போனவள் பாதிப் படியில் இறங்கி வந்து, ஈரம் சொட்ட என் முன்னால் நின்று, "அப்பா, எனக்கு உடல்நலம் சரியில்லை," என்று செய்தி வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் பூரி வந்துவிட்டது. சிமென்ட் டால்பின் ஏற்கெனவே வாயைத் திறந்துதான் இருந்தது. யாருடைய வேலை அது என்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிந்திருக்காது.

உடம்பு சுட்டது. துண்டால் போர்த்தி உட்கார வைத்தேன். சரியாக அந்த நேரம் பவானி வீடியோவில் வந்தாள். தாய்க்குக் கடல் கடந்தும் மணம் தெரியும். முதல் கேள்வி காய்ச்சல். இரண்டாவது, உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாயிற்றா. மூன்றாவது:

"உள்ள போயி அரை மணிநேரம்கூட ஆகலைல? ரீஃபண்ட் கேளுங்க. பாவமா மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்காதீங்க, உரிமையாக் கேளுங்க."

அவள் மேல் தப்பில்லை. நாங்கள் வாழும் ஊர் அப்படி. அங்கே ஒருமுறை பூங்காவில் இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது முழுப் பணத்தையும் கொடுத்து, ஒரு பொம்மையையும் கொடுத்து, காய்ச்சலை அவர்களே வரவழைத்தது போல மன்னிப்பும் கேட்டார்கள். ரயில் கொஞ்ச நேரம் நின்றால் ரயிலே வருத்தம் தெரிவிக்கும். கேட்டால் கிடைக்கும் என்பது அங்கே நம்பிக்கை அல்ல, பழக்கம்.

சகலை என் தோளைப் பிடித்து டால்பினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"சகல, ஒங்க கால்ல வேணாலும் விழுறேன். குடுத்த காசத் திருப்பிக் கேக்கறதுக்குப் பதிலா நான் கட்டுன வேட்டிய அவுத்துக் குடுத்துட்டுப் போயிடுவேன். நாளைக்கி இந்த ஆளு மோட்டாரு ரிப்பேருன்னா எங்கடைக்குத்தான வரணும்? என்னான்னு பாப்பான் என்னைய?"

"நீங்க கேக்க வேணாம். நான் கேக்குறேன்."

"காசு என் ஃபோனுக்குல்ல வரும்!"

எனினும் போனேன். பவானி இன்னும் திரையில் இருந்தாள். முதலாளி மிகுந்த அன்போடு கேட்டுக்கொண்டார். குழந்தையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னார். மின்விசிறியைத் திருப்பி வைத்தார். எல்லாம் செய்துவிட்டுச் சொன்னார்:

"வேற எது வேணாலும் கேளுங்க சார், தரேன். போனிக் காசு மட்டும் கேக்காதீங்க. அதத் திருப்பிக் குடுத்தா நாள் முச்சூடும் ஈ ஓட்ட வேண்டியதுதான்."

நான் சுற்றிப் பார்த்தேன். எங்களைத் தவிர ஓர் ஆள் இல்லை. ஈக்கள் ஏற்கெனவே வந்து வேலையில் சேர்ந்திருந்தன.

"தண்ணீர்தான் காரணமோ என்று..." என்று இழுத்தேன்.

முதலாளியின் அன்பு சட்டென்று விசாரணைக் கமிஷன் ஆனது. "எங்க தண்ணியா? கெணத்துத் தண்ணி சார், நானே குடிக்கிறேன். பாப்பா, காலைல என்னம்மா சாப்ட்ட?"

"பூரி," என்றாள் யாழி. உண்மை பேசும் குழந்தை. எல்லா வம்பும் அவர்களால்தான்.

"பூரி! அதான பாத்தேன். என்ன எண்ணெயோ, எத்தன நாளு எண்ணெயோ."

டால்பினுக்குப் பின்னாலிருந்து சகலை வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"யோவ், யாரு வூட்டுப் பூரிய சொல்ற? எம் பொண்டாட்டி சுட்டது. நேத்திக்கிப் பிரிச்ச புது டின்னு. நீ மொதல்ல காச எடு. சகல, முழுசும் கேளுங்க, பாதியெல்லாம் வேணாம்!"

மானம் எந்தப் பக்கம் திரும்பி உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். கிணறு, எண்ணெய், கிணறு, எண்ணெய். யாழி துண்டுக்குள்ளிருந்து டென்னிஸ் பார்ப்பது போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பணம் வந்தே விடும் என்று நானும் கொஞ்ச நேரம் நம்பினேன். அப்போது முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆமா, பூலாம்பாடில நீங்க யாரு வூடு?"

இந்தப் பக்கத்தில் இது முகவரி கேட்பதல்ல. இந்த ஒரு கேள்விக்குள் தெரு இருக்கிறது, குலதெய்வம் இருக்கிறது, யார் யாரிடம் பெண் எடுக்கலாம் என்பது வரை இருக்கிறது. கேட்க வெட்கப்படும் ஒன்றை வெட்கமில்லாமல் கேட்பதற்கென்றே செய்து வைத்த கேள்வி. சகலை சொன்னார். முதலாளி ஒரு பெயர் சொன்னார். சகலை இன்னொரு பெயர் சொன்னார். முதலாளியின் சின்ன மாமியாரைச் சகலையின் பங்காளி வீட்டில் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. மடித்துக் கட்டிய வேட்டி மெதுவாக இறங்கியது.

"அட, மொதல்லயே சொல்றதில்ல மாப்ள?"

"நீங்க கேக்கவே இல்லையே மாமா?"

ரீஃபண்ட் அந்த இடத்திலேயே உயிரை விட்டது. சொந்தக்காரரிடம் எப்படிப் பணம் கேட்பது? சொந்தம் இல்லாமல் போயிருந்தால் சண்டை முடிந்திருக்காது, பணமாவது கிடைக்க வாய்ப்பிருந்திருக்கும். அதற்குப் பதிலாக முதலாளியின் பெரிய வெங்காய மூட்டை ஒன்று கார் டிக்கியில் ஏற்றப்பட்டது. வேண்டாம் என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

பெரம்பலூர் டவுனில் குழந்தை வைத்தியர்களின் பலகைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் கார் கடந்து போனது. "நிறுத்துங்க" என்றேன்.

"இவங்கள்லாம் படிச்சவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அரியலூர்ல நம்ம டாக்டரு கைராசி. தொட்டாருன்னா போதும்."

ஆகவே ஒரு மாவட்டத்து வாந்தி பக்கத்து மாவட்டத்துக்குப் பயணம் செய்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. அவற்றின் பின்னால் வெள்ளைத் தூசி எழுந்து, இறங்க மனமில்லாமல் நின்றது. ஒரு காலத்தில் இந்த நிலமெல்லாம் கடலாம். அந்தக் கடலின் சிப்பிதான் இப்போது வெந்து சிமென்ட்டாகி வீடு வீடாக நிற்கிறது. சாலையோரத்து எருக்கஞ்செடிகள் மாவில் புரட்டி எடுத்தவை போல இருந்தன. யாழி பாலித்தீன் பையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை அதைப் பயன்படுத்தினாள். பிறகு நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து யோசித்தாள்.

"அப்பா, நான் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் மட்டும் ஏன் கொடுக்கவில்லை?"

சகலை கியர் மாற்றினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இரண்டு பெரியவர்கள் ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க அவ்வளவுதான் வழி.

கைராசி டாக்டரின் கிளினிக் அப்போதுதான் திறந்திருந்தது. நர்ஸம்மா ஃபீஸை வாங்கி, எனக்கு உறுத்தாமல் இருக்கட்டும் என்றோ என்னவோ சற்றே திரும்பிக்கொண்டு, கண்ணில் ஒற்றினார். இங்கேயும் நாங்கள்தான். என் மகளின் காய்ச்சல் ஒரு கடைக்குச் சுபசகுனம். முறைக்கவா முடியும்? ஊசி அவர்கள் கையில் இருந்தது.

டாக்டர் யாழியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "தண்ணில வெளையாடுனப்ப முழுங்குனியாம்மா?"

"சிறிதளவு."

"எம்புட்டு?"

"வாய் நிறைய. மூன்று முறை."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பொடி கரைத்துக் கொடுக்கச் சொன்னார். ஊசி வேண்டாம் என்றார். சகலைக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். கைராசிக்காரர் ஒன்றும் செய்யாமல் விடுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"நான் கல்மரம் பார்க்கப் போகலாமா?" என்று டாக்டரிடமே கேட்டாள் யாழி. "நாளை எங்களுக்கு விமானம்."

"ஒரு மணிநேரம் வாந்தி இல்லாம இருந்தா போ. எடுத்தா, நேரா வூட்டுக்கு."

அந்த ஒரு மணிநேரத்தை அவள் வேள்வி போலக் காத்தாள். எச்சிலைக்கூட எண்ணி விழுங்கினாள். நான் என்ன செய்தேன் என்றால், பவானி மறுபடி அழைத்ததால், மெஸ்ஸுக்குப் போய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன்.

மெஸ்காரம்மா இடுப்பில் கையை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலைல அடுப்பு பத்த வைக்கையில வந்த காசுங்க அது. போனி. அதப் போயி..." மீதியை அவர் முகம் சொன்னது. சகலை சுவரில் தொங்கிய முருகனைப் பார்த்தார்.

"சாப்புடவே இல்லையே அம்மா நாங்க?"

"அதுக்கென்ன? கட்டிக் குடுக்குறேன். பாப்பாவுக்கு நொய்க்கஞ்சி வச்சுத் தரேன், ஒக்காருங்க."

"கஞ்சி வேண்டாம், நேரமாகிறது," என்றாள் யாழி.

"நேரமாவுதாம்! வெறும் வயித்தோட எங்கடி போற?"

நொய் உடைத்து, களைந்து, வேக வைத்து, ஆற்றி, துவையல் அரைத்துக் கொடுத்தார்கள். அதற்குக் காசு வாங்க மறுத்தார்கள். இந்த ஊர்களைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது? எலுமிச்சை தருவார்கள், வெங்காயம் தருவார்கள், பெற்ற மகளுக்குச் செய்வதுபோலக் கஞ்சி காய்ச்சித் தருவார்கள். நாம் கொடுத்ததை மட்டும் தரமாட்டார்கள். நம்முடைய பணத்தைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டு, நம்மைக் கடன்காரனாக்கி அனுப்புவார்கள். அதற்குள் மெஸ்ஸின் வாசல் நிழல் நீண்டு நடுரோட்டைத் தொட்டிருந்தது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் வந்தது, போனது, போய்க்கொண்டே இருந்தது. காருக்குள் கட்டிய சாப்பாட்டின் ரசமும் வெங்காயமும் கலந்து ஒரு புது மணம். வெயில் மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சாகி, வண்டிகளின் கூரையிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கியது. பின்சீட்டிலிருந்து மெல்லிய குரல், பெரியப்பாவின் குரலைப் போலவே:

"மரம் எங்க ஓடிடப் போவுது."

அவள் பேசிய முதல் ஊர்த்தமிழ். சகலை கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் கன்னம் நனைந்திருந்தது. வாந்தி எடுத்தபோது அழாதவள். கேட் திறந்ததும் லாரிகளை அவர் முந்திய விதத்தை பவானியிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

ஓடைக்கரையில் நாங்கள் இறங்கியபோது கம்பிக் கதவில் பூட்டு தொங்கியது. காவலுக்கு இருக்கும் அம்மா மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். கூடை முன்னால், சாப்பாட்டுத் தூக்கு கைப்பிடியில். வண்டி கிளம்ப மறுத்ததால்தான் அவர் எங்களுக்குக் கிடைத்தார்.

"பூட்டியாச்சுங்க. நாளைக்கி வாங்க."

"நாளை நான் சிங்கப்பூரில் இருப்பேன்," என்றாள் யாழி.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும் பாப்பா?"

சகலை ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். காலையில் குடுத்த காசைக் கேட்பதைவிட வேட்டியை அவிழ்க்கத் தயாராயிருந்த மனுசன், இப்போது மூட்டையைத் தோளில் தூக்கி வந்து அந்த அம்மாவின் காலடியில் இறக்கினார். "யக்கா, இந்தா, முழு மூட்ட. அஞ்சு நிமிசம் தொற."

அந்த அம்மா மூட்டையைக் காலால் லேசாக உருட்டிப் பார்த்தார். "வெங்காயமா? எங்கூட்ல கட்டிலு போட எடம் இல்லாம இதான் கெடக்கு. அள்ளிக்கிட்டுப் போய்யா."

பெரம்பலூர் மாவட்டத்தில் வெங்காயத்தால் யாரையும் வாங்க முடியாது என்பதை அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

டிக்கெட் எடுத்துக்கொள்கிறோம் என்றேன். டிக்கெட்டே கிடையாது என்றார். நாள் முழுக்கப் பணத்தைத் திருப்பிக் கேட்டு அலைந்தவன், பணமே வாங்காத ஓர் இடத்தின் முன்னால் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

யாழி கம்பிக் கதவருகே போனாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்தாள். உள்ளே, சரிவில், நீளமாக ஒன்று படுத்திருந்தது. இருட்டத் தொடங்கிய வெளிச்சத்தில் அது மரமா கல்லா என்று தெரியவில்லை. அவள் கையை உள்ளே விட்டு நீட்டினாள். எட்டவில்லை. விரல்கள் காற்றைத் தடவின.

பிறகு திரும்பி, நாள் முழுக்கக் கேட்ட வார்த்தையில், தெளிவாகக் கேட்டாள்:

"இன்று இங்கே யார் போனி?"

மொபெட்டை உதைக்கப் போன கால் நின்றது.

"என்னா கேட்ட?"

"காலையிலிருந்து முதலில் வந்தது யார்?"

அந்த அம்மா சற்று நேரம் ஓடையைப் பார்த்தார். "யாரு வந்தா? வேல நாளு. ஒரு காக்கா குருவி வரல." தலையைச் சொறிந்தார். எங்களை, மூட்டையை, பூட்டைப் பார்த்தார். "அட, ஆமால்ல. போனி ஆவாமயே பூட்டிட்டேன் பாரு." அவர் குரலில் உண்மையாகவே ஒரு சங்கடம் இருந்தது, விளக்கை அணைக்காமல் வந்துவிட்டவரைப் போல. மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"வா பாப்பா. ஒரு வெரலு வச்சிட்டு ஓடியாந்துடணும். ஏறக் கூடாது."

அவள் ஏறவில்லை. ஓடவும் இல்லை. மெதுவாகச் சரிவில் இறங்கி, மண்டியிட்டு, ஒரு விரலை வைத்தாள். அப்புறம் அந்த அம்மா பார்க்காதபோது முழுக் கையையும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. நானும் சகலையும் மேலே நின்றோம். எங்கள் இருவருக்கும் நடுவில் வெங்காய மூட்டை. கடலாக இருந்த இடத்தில் காற்று வீசியது. என் சட்டைப்பையில் செல்பேசி நடுங்கிக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை.

யாழி எழுந்தாள். கல்லைத் தொட்ட கையை வலக்கண்ணில் ஒற்றினாள். இடக்கண்ணில் ஒற்றினாள். மேலே வந்து அந்த அம்மாவிடம், செய்தி வாசிக்கும் குரலில், "சில்லென்று இருக்கிறது," என்றாள்.

"அப்படித்தான் இருக்கும்," என்று பூட்டினார் அந்த அம்மா.

காரில் ஏறிய பிறகு பவானியின் செய்தியைப் பார்த்தேன். ஒரே வார்த்தை: ரீஃபண்ட்? வெங்காய மூட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன்.